குழி, தொட்டி, குவியல், மரம்: கன அளவு பற்றி எங்கள் மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடையே உள்ள ஓர் ஊரில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு அளவியல் பாடம் நடக்கும் வாரங்களில் பிள்ளைகளைவிட அவர்களுடைய வீட்டுப் பெரியவர்கள்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். காப்பிக் குழியில் எவ்வளவு மண் வரும், உறைத் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும், விற்கப்போகும் சில்வர் ஓக் மரம் எத்தனை கன அடி தேறும் என்று பஸ் நிறுத்தத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றை, நான் சொல்லும் பதில்களோடு இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றரை அடிக் குழிக்கும் இரண்டடிக் குழிக்கும் அரை அடிதானே வித்தியாசம்? கூலியை ஏன் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள், டீச்சர்?

அவர்கள் கேட்பது நியாயம். நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் அரை அடி கூடுகிறது. ஒன்றரையை மூன்று முறை பெருக்கினால் 3.375 கன அடி. இரண்டை மூன்று முறை பெருக்கினால் 8 கன அடி. கடப்பாரை பிடிப்பவர் அள்ளி வெளியே போட வேண்டிய மண் 2.37 மடங்கு ஆகிவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் மண் இறுகியிருக்கும், கல் தட்டும், மேலே தூக்கவும் வேண்டும். அதையெல்லாம் எந்தச் சூத்திரமும் கணக்கில் எடுப்பதில்லை.

காப்பிக்கு வழக்கமாகச் சொல்லும் 45 செ.மீ. குழியில் 91 லிட்டர் மண் வரும். நூறு குழி வெட்டினால் 9 கன மீட்டருக்கும் மேல். குழிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, எத்தனை குழி என்பதோடு ஒரு குழிக்கு எவ்வளவு மண் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அடி, அங்குலம், மீட்டர், லிட்டர் எல்லாம் கலந்து குழப்புகிறதே?

நான் திருத்தும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கின்றன. சூத்திரம் சரியாக இருக்கும், அலகு தவறியிருக்கும். இரண்டடி ஆறு அங்குலத்தை 2.6 என்று எழுதிவிடுகிறார்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் அது 2.5 அடி. சின்னப் பிசகாகத்தான் தெரியும். ஆனால் அந்த அளவில் ஒரு கனச்சதுரக் குழி எடுத்தால் 15.6 கன அடிக்குப் பதிலாக 17.6 கன அடி என்று கணக்கு வந்து நிற்கும்.

நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர், அதாவது 35.3 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். மணல், ஜல்லிக்குச் சொல்லும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்பதால் ஒரு கன மீட்டருக்கும் நூறு கன செ.மீ. என்று எழுதும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். நூறை மூன்று முறை பெருக்க வேண்டும். பத்து லட்சம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் தன் வீட்டு அறையின் கூரைக்குக் கணக்குப் போட்டு வந்தான். 12 அடி, 10 அடி, கனம் 4 அங்குலம். மூன்றையும் அப்படியே பெருக்கி 480 கன அடி என்று எழுதியிருந்தான். “480 என்றால் கிட்டத்தட்ட ஐந்து யூனிட். ஓர் அறைக்கு அவ்வளவு காங்கிரீட் போகுமா? உங்கள் அப்பாவைக் கேட்டுவிட்டு வா” என்றேன். அவனுடைய அப்பா கொத்தனார். மறுநாள், நான்கு அங்குலத்தை மூன்றில் ஒரு பங்கு அடியாக்கி, 40 கன அடி என்று திருத்திக்கொண்டு வந்தான். விடை வந்ததும் அதை ஒரு லாரியோடோ குடத்தோடோ ஒப்பிட்டுப் பாருங்கள். அலகுத் தவறு அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

கன அளவும் கொள்ளளவும் ஒன்றா?

ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம் கன அளவு. ஒரு பாத்திரம் தனக்குள் பிடிப்பது கொள்ளளவு. சுவர் மெல்லியதாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சுவர் தடிமனாக இருந்தால் பெரிய வித்தியாசம் வரும். இதை என் வீட்டிலேயே அனுபவித்தேன்.

ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வைக்கப் பின்புறத்தில் சிமென்ட் உறைகளை அடுக்கித் தொட்டி கட்டினோம். ஐந்து உறைகள், மொத்த உயரம் ஒன்றரை மீட்டர். கட்டித் தந்தவர் 2,100 லிட்டருக்கு மேல் பிடிக்கும் என்றார். அவர் டேப்பை உறையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வைத்திருந்தார். 135 செ.மீ. நான் உள்ளே கையை விட்டு அளந்தேன். 120 செ.மீ. உறையின் கனம் இரு பக்கமும் ஏழரை, ஏழரை என்று பதினைந்தைத் தின்றுவிட்டது. ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, பையால் (π) பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் வெளி அளவுக்கு 2,147 லிட்டர் வருகிறது. உள் அளவுக்கு 1,696 லிட்டர்தான். அதுவும் முழுதாக நிற்காது. வழிகுழாய் விளிம்புக்குப் பத்து செ.மீ. கீழே இருக்கிறது, அதற்கு மேல் தண்ணீர் ஏறாது. அந்த 113 லிட்டரையும் கழித்தால் 1,583. விலையோ 2,100 லிட்டருக்குப் பேசியது.

உள் விட்டம், வழிகுழாய் வரை உயரம். தொட்டி வாங்கும் எவரும் இந்த இரண்டைத்தான் அளக்க வேண்டும்.

பைக்கு 22/7 போடலாமா, 3.14 போடலாமா?

இரண்டும் போதும். என் தொட்டிக்கு எதைப் போட்டாலும் உண்மையான விடையிலிருந்து ஒரு லிட்டர்கூட விலகாது. விட்டத்தை அளக்கும்போது டேப் ஒரு செ.மீ. நழுவினால் 28 லிட்டர் மாறிவிடும். கவலைப்பட வேண்டியது டேப்பைப் பற்றித்தான்.

கூம்பு ஏன் உருளையில் மூன்றில் ஒரு பங்கு? பாதியாக இருக்கக் கூடாதா?

பார்வைக்குப் பாதி என்றுதான் தோன்றும். பக்கவாட்டில் வரைந்தால் முக்கோணம் செவ்வகத்தில் பாதிதானே. அப்படித் தோன்றியதற்காக எந்தப் பிள்ளையும் வெட்கப்பட வேண்டாம். கி.பி. 499-இல் எழுதிய ஆரியபட்டரே முக்கோண அடியுள்ள பிரமிடுக்கு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறார். 628-இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒரு பங்கு என்று சரியாகச் சொன்னார். கிரேக்கத்தில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யூடாக்சஸ் இதை நிறுவிவிட்டார்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு நூக்கலை எடுத்துக் கனச்சதுரமாகச் செதுக்குங்கள். ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த மூலையைத் தொடாத முகங்கள் மூன்று இருக்கும். அந்த மூலையை உச்சியாகவும் ஒவ்வொரு முகத்தையும் அடியாகவும் கொண்டு வெட்டினால், அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவில் மூன்று பிரமிடுகள் கிடைக்கும். கனச்சதுரம் மூன்றாகப் பிரிந்தது, மிச்சம் எதுவும் இல்லை.

வகுப்பில் நான் மிளகைக் கொண்டு செய்து காட்டுவேன். தடித்த காகிதத்தில் ஒரே வாய், ஒரே உயரம் உள்ள கூம்பும் உருளையும் செய்துகொள்வோம். கூம்பு நிறைய மிளகை எடுத்துத் தலைதட்டி உருளையில் கொட்டினால், மூன்றாவது கூம்பைக் கவிழ்க்கும்போது மிளகு விளிம்பில் வந்து நிற்கும். ஒருமுறை அப்படி நின்றதும் முன்வரிசை மாணவி ஒருத்தி உருளையை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மிளகு ஒரு விரல் அளவு கீழே இறங்கிவிட்டது. “டீச்சர், மூன்றரைக் கூம்பு பிடிக்கும்போல இருக்கிறதே!” என்றாள். நல்ல கண். மணிகளுக்கு நடுவே இருக்கும் காற்றும் சேர்த்துத்தான் நாம் அளக்கிறோம். கூம்பிலும் அதேபோலத் தட்டி நிரப்பினால் மறுபடியும் மூன்றே வரும் என்று அவளையே செய்து பார்க்கச் சொன்னேன். மிளகு வியாபாரிகள் ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பது ஏன் என்பதும் அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் புரிந்தது. முற்றிய மணி ஒரு லிட்டருக்கு 550 கிராம் வரை நிற்கும். உள்ளீடு இல்லாத சண்டு மிளகு அதே படியை நிறைத்தாலும் எடை காட்டாது.

இத்தனை வடிவங்களுக்கு இத்தனை சூத்திரங்களா? ஒன்றே ஒன்று போதாதா?

ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகத்தின் பட்டியலைவிட எனக்கு இதன்மேல் பற்று அதிகம். தேர்வுக்கு அந்தப் பட்டியல் வேண்டும். தோட்டத்துக்கு இது போதும்.

உச்சியில் உள்ள பரப்பு, அடியில் உள்ள பரப்பு, சரிபாதி உயரத்தில் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் பரப்பு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பரப்பை மட்டும் நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்து, உயரத்தால் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

உருளையில் மூன்று பரப்பும் ஒன்றே. ஆறு பங்கை ஆறால் வகுத்தால் அடிப்பரப்பு பெருக்கல் உயரம் என்று பழைய சூத்திரமே வருகிறது. கூம்பின் உச்சியில் பரப்பு பூஜ்யம். நடுவில் ஆரம் பாதி, ஆகவே பரப்பு கால். அதை நான்கால் பெருக்கினால் ஒன்று, அடிப்பரப்பு இன்னொன்று, மொத்தம் இரண்டு. ஆறால் வகுத்தால் மூன்றில் ஒன்று. கோளத்துக்கு உச்சியிலும் அடியிலும் பூஜ்யம், நடுவில் முழு வட்டம். உயரமாக விட்டத்தை வைத்துப் பெருக்கினால், நாம் மனப்பாடம் செய்த மூன்றில் நான்கு, பை, ஆரம் மும்மடி தானாக வந்து நிற்கும். இதைக் கரும்பலகையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டும்போது வகுப்பில் அரவம் அடங்கிவிடும்.

எகிப்தில் கிடைத்து இப்போது மாஸ்கோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் சுவடியில், ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒரு கணக்கு இருக்கிறது. தலை வெட்டிய பிரமிடு, அடி 4, தலை 2, உயரம் 6. அவர்கள் கண்ட விடை 56. நம் விதியில் போடுங்கள். தலைப்பரப்பு 4, நடுப்பக்கம் 3 ஆகையால் பரப்பு 9, நான்கால் பெருக்கினால் 36, அடிப்பரப்பு 16. கூட்டினால் 56. ஆறால் வகுத்து ஆறால் பெருக்கினாலும் அதே 56.

ஒரு எச்சரிக்கை: அடியிலிருந்து உச்சி வரை வடிவம் ஒரே போக்கில் மாற வேண்டும். பானையைப் போலக் கழுத்து ஒன்றாகவும் வயிறு ஒன்றாகவும் இருந்தால் கழுத்தைத் தனியாகவும் வயிற்றைத் தனியாகவும் போட்டுக் கூட்டுங்கள்.

பண்ணைக்குட்டை வெட்டியவர் மேல் பரப்பையும் அடிப் பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி ஆழத்தால் பெருக்கித் தொகை கேட்கிறார். சரியா?

சரியில்லை. குட்டையின் கரை சரிவாக இறங்குவதால் அது கவிழ்த்து வைத்த இடைக்கண்டம், அதாவது தலை வெட்டிய பிரமிடு. மேலே 12 மீட்டர் சதுரம், அடியில் 6 மீட்டர் சதுரம், ஆழம் 3 மீட்டர் என்று வையுங்கள். பரப்புகள் 144, 36. சராசரி 90, மூன்றால் பெருக்கினால் 270 கன மீட்டர். உண்மையில் நடு ஆழத்தில் பக்கம் 9 மீட்டர், பரப்பு 81. நம் விதிப்படி 144, 324, 36 மூன்றையும் கூட்டினால் 504. ஆறால் வகுத்தால் 84, மூன்றால் பெருக்கினால் 252 கன மீட்டர்.

பதினெட்டு கன மீட்டர் மண் வெட்டாமலே கணக்கில் ஏறியிருக்கிறது. வெட்டியவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். பலரும் இப்படித்தான் போடுகிறார்கள். பரப்புகளின் சராசரி வேறு, நடுவில் உள்ள பரப்பு வேறு என்பதை ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள், ஒப்புக்கொள்வார்.

மர வியாபாரி மரத்தைச் சுற்றி நூல் பிடித்து, நூலை நான்காக மடித்துக் கணக்குப் போடுகிறார். அது என்ன கணக்கு?

கால் சுற்றளவுக் கணக்கு. நான்காக மடித்த நீளத்தை அதனாலேயே பெருக்கி, மரத்தின் நீளத்தால் பெருக்குவார்கள். மரத்தின் நடுவில் சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால், மடித்த நூல் ஓர் அடி. ஒன்று பெருக்கல் ஒன்று பெருக்கல் பத்து, 10 கன அடி. அந்த மரத்தில் உண்மையாக இருப்பது 12.73 கன அடி. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி 12.57-ஆல் வகுத்தால் வட்டத்தின் பரப்பு கிடைக்கும், அதை நீளத்தால் பெருக்கினால் இந்த எண் வரும். மடித்த நூல் எப்போதும் நூற்றுக்கு 78.5 பங்கைத்தான் காட்டும்.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். உருண்டை மரத்தை அறுத்துச் சதுரமாக்கும்போது பக்கவாட்டுச் சிராய்கள் போய்விடும், அதற்கு ஈடாக வந்த பழைய முறை இது. விலையும் அதே முறையில் பேசினால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒருவர் உண்மையான கன அடிக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, இன்னொருவருக்கு நூல் கணக்கில் அதே விலைக்கு மரத்தைக் கொடுத்தால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மரம் சும்மா போகிறது. மிளகுக் கொடி ஏற இருபது ஆண்டு வளர்த்த மரம். கன அடி என்ன விலை என்று கேட்பதற்கு முன், எந்தக் கணக்கில் கன அடி என்று கேளுங்கள். பட்டையோடு சுற்றுகிறார்களா, பட்டை நீக்கியா என்பதையும் கேளுங்கள்.

மரம் அடி பருத்து நுனி சிறுத்திருந்தால் இரு முனைகளிலும் நடுவிலும் சுற்றளவு எடுத்து, மூன்று பரப்பையும் மேலே சொன்ன விதியில் போடலாம். விறகு அட்டிக்கு இது உதவாது. அட்டியை நீளம், அகலம், உயரம் என்று அளந்தால் இடைவெளியும் சேரும். ஒரே பருமனுள்ள நேரான உருளைக் கட்டைகளை நேருக்கு நேர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மரம் நூற்றுக்கு 78.5 பங்குதான். கோணல் விறகில் இன்னும் குறையும்.

கொட்டிக் கிடக்கும் எருக் குவியலை எப்படி அளப்பது? உள்ளே டேப் போகாதே.

குவியலைக் கூம்பாக வைத்துக்கொண்டு சுற்றளவை அளங்கள். அடியைச் சுற்றிக் கயிறு பிடித்து, அந்த அளவை அதனாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 37.7-ஆல் வகுங்கள். சுற்றளவு 22 அடி, உயரம் 4 அடி என்றால் 51 கன அடி, அதாவது அரை யூனிட். மழைக்காலத்தில் மணல் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: லேசாக ஈரமான மணல் உப்பி, நான்கில் ஒரு பங்கு வரைகூட அதிக இடம் பிடிக்கும்.

படியில் குவித்து அளப்பதும் இதே கூம்புதான். வாய் 12 செ.மீ., உயரம் 12 செ.மீ. உள்ள ஒரு படியின்மேல் மூன்றரை செ.மீ. குவியல் நின்றால், தலைதட்டி அளந்ததைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கூடுதல்.

ஆரஞ்சு கொஞ்சம்தான் பெரிதாக இருக்கிறது, விலை மட்டும் ஏன் இரட்டிப்பு?

விட்டம் 6 செ.மீ. உள்ள பழத்துக்கும் ஏழரை செ.மீ. உள்ள பழத்துக்கும் கன அளவு 1.95 மடங்கு. விலை சரிதான். தோலையும் பாருங்கள். 7 செ.மீ. பழத்தில் தோல் 4 மி.மீ. இருந்தால், பழத்தின் மொத்த கன அளவில் 30 சதவீதம் தோலுக்குப் போய்விடுகிறது. கோளத்தில் பெரும்பகுதி வெளிப்புறத்தில்தான் இருக்கிறது.

கோடைக்கானலில் 1899-இல் நிறுவிய சூரிய ஆய்வகத்தின் குவிமாடத்தை மாணவர்களுக்குக் காட்டும்போது ஓர் உறவைச் சொல்வேன். ஒரே ஆரமும் ஆரத்தளவே உயரமும் கொண்ட கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றும் 1, 2, 3 என்ற விகிதத்தில் நிற்கும். ஆர்க்கிமிடிஸ் இதைத் தன் வாழ்நாளின் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதினார். அவருடைய கல்லறையில் கோளமும் உருளையும் செதுக்கியிருந்ததை வைத்துத்தான், புதர் மூடிக் கிடந்த அதை கி.மு. 75-இல் சிசரோ அடையாளம் கண்டார்.

எந்த வடிவத்திலும் சேராத பொருளுக்கு?

தண்ணீரில் மூழ்கடித்து, வழியும் தண்ணீரை அளங்கள். ஓர் உருளைக்கிழங்கு 250 மில்லி தண்ணீரை வெளியேற்றினால் அதன் கன அளவு 250 கன செ.மீ.

லாரி டேங்கரில் கால் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் கால் டேங்கர்தானே?

நிற்கும் தொட்டியில் ஆம். படுத்திருக்கும் உருளையில் அடிப்பக்கம் ஒடுங்கியிருப்பதால் கால் உயரத்துக்கு ஏறக்குறைய 20 சதவீதம்தான் இருக்கும். பாதி உயரத்தில் மட்டும் சரியாகப் பாதி.

கோடைக்கானல் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் அமைத்த அந்த ஏரிக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. நட்சத்திரம்போல் கைகளை நீட்டிக் கிடக்கிறது. ஆனால் பரப்பையும் சராசரி ஆழத்தையும் பெருக்கலாம். பரப்பு ஏறக்குறைய 24 ஹெக்டேர், அதாவது 2,40,000 சதுர மீட்டர். படகில் போய்ப் பல இடங்களில் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அந்தச் சராசரியில் ஒவ்வொரு மீட்டருக்கும் 24 கோடி லிட்டர்.

மழைக்கும் இதே கணக்குத்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஏரியின்மேல் விழும் ஒரு மி.மீ. மழை மட்டும் 2,40,000 லிட்டர். வீட்டுக் கூரைக்குச் சரிவை அளக்க வேண்டாம், கூரை மூடியிருக்கும் தரையின் நீள அகலம் போதும். எங்கள் தகரக் கூரை 30 அடிக்கு 20 அடி, கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். ஒரு செ.மீ. மழைக்கு 557 லிட்டர் இறங்குகிறது. ஒரே நாளில் மூன்று செ.மீ. பெய்தால் பின்புறத்து உறைத் தொட்டி நிறைந்து, வழிகுழாயில் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிடும்.